மீதி வாரங்கள்

ஏழு மாதம் முடிந்த கையோடு பிரஷர் ஏறி, முகமும் காலும் வீங்கி, "இனி ரொம்ப நாள் தள்ள முடியாதும்மா" என்று டாக்டர் சொல்லிவிட்ட பெண்ணுக்கு முதலில் எழும் கேள்வி, பிள்ளை பிழைக்குமா என்பதுதான். அதற்கு ஓரளவு தெம்பான பதில் கிடைத்ததும் இரண்டாவது கேள்வி வந்து நிற்கும். "எத்தனை நாள் டாக்டர் ஆஸ்பத்திரியில இருக்கணும்?" இதைக் கேட்பது அவள் மட்டுமல்ல. லீவு கணக்குப் போடும் கணவன், மூத்த பிள்ளையை யார் பள்ளிக்கு அனுப்புவது என்று யோசிக்கும் மாமியார், எவ்வளவு கடன் வாங்க வேண்டியிருக்கும் என்று மனதுக்குள் கூட்டிக்கொண்டிருக்கும் அப்பா, எல்லோருக்கும் தெரிய வேண்டியது அதுதான்.

அனுபவமுள்ள டாக்டர்கள் பொதுவாகச் சொல்லும் பதில் ஒன்று உண்டு: "உங்களுக்குக் குறித்துக் கொடுத்த டெலிவரி தேதியை ஒட்டி வீட்டுக்குப் போகலாம். எல்லாம் நன்றாகப் போனால் அதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னாலேயே போகலாம்." கேட்பவர்களுக்கு இது மழுப்பலாகத் தெரியும். பில் ஏற்றத்தான் இப்படிச் சொல்கிறார்கள் என்று சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. ஆனால் இதைவிட நேர்மையான பதில் மருத்துவத்தில் இல்லை. 29 வாரத்தில் பிறந்த பிள்ளைக்கு மீதி 11 வாரம். அதில் ஏழு எட்டு வாரமாவது ஆஸ்பத்திரியில் கழியும். 25 வாரத்தில் பிறந்தால் மூன்று நான்கு மாதம். 34 வாரத்தில் பிறந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் கிளம்பிவிடலாம். டாக்டர் கெட்டிக்காரரா, கருவி புதியதா என்பதைப் பொறுத்து இந்தக் கணக்கு பெரிதாக மாறுவதில்லை. ஏன் மாறுவதில்லை என்பதுதான் இந்த அத்தியாயம்.

வாரக் கணக்கை முதலில் நேர்செய்துகொள்வோம். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 40 வாரம், அதாவது 280 நாள். வீட்டில் சொல்லும் 'பத்து மாதம்' என்பதை 28 நாள் மாதங்களாக எண்ணினால் அதே 280 நாள் வந்துவிடும். 37 வாரம் நிறையுமுன் பிறந்தால் குறைமாதக் குழந்தை. 2020-ல் உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இப்படிப் பிறந்ததாக மதிப்பீடு. இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 30 லட்சம். இவர்களில் பெரும்பாலோர் 32 வாரம் தாண்டிப் பிறந்தவர்கள். நாளிதழில் வரும் உள்ளங்கையளவுக் குழந்தைகள் மிகச் சிறுபான்மை.

ஏழில் பிறந்தது தங்கும், எட்டில் பிறந்தது தங்காது என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நம் ஊருக்கு மட்டும் உரிய நம்பிக்கை அல்ல இது. கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டஸின் பெயரில் வழங்கும் தொகுப்பில் எட்டாம் மாதக் குழந்தையைப் பற்றியே தனி நூல் ஒன்று இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாக நிலைத்துவிட்ட பிழை. வயிற்றில் கூடுதலாகக் கழியும் ஒவ்வொரு வாரமும் பிழைக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது. எட்டாம் மாதத்தில் மட்டும் அது இறங்கிப் பிறகு ஏறுவதில்லை. வார்டு வாசலில் யாராவது இதைச் சொன்னால் மரியாதையோடு மறுத்துவிடலாம்.

இனி நுரையீரல். வயிற்றுக்குள் இருக்கும்வரை அதற்கு மூச்சு வேலை கிடையாது. உள்ளே திரவம்தான் நிறைந்திருக்கும். பிறந்ததும் அந்தத் திரவம் வடிந்து, நுண்ணிய காற்றறைகள் விரிந்து, மூச்சை வெளியே விட்ட பிறகும் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் நிற்க வேண்டும். காய்கறிக் கடையில் உருளையிலிருந்து கிழித்துத் தரும் பாலிதீன் உறையின் உட்பக்கம் ஈரமாகிவிட்டால் என்ன பாடு என்று நமக்குத் தெரியும். இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு பிரியவே பிரியாது. ஈரமான காற்றறையும் அப்படித்தான், நீரின் பரப்பு இழுவிசை அதை மூடப் பார்க்கும். அந்த இழுவிசையைக் குறைக்க நுரையீரல் தானே ஒரு கொழுப்புக் கலவையைச் சுரக்கிறது. சர்ஃபாக்டன்ட் என்று பெயர். சுமார் 24 வாரத்தில் சுரக்கத் தொடங்கி, 34, 35 வாரத்தில்தான் போதுமான அளவுக்கு வரும். அதற்கு முன் பிறந்த பிள்ளைக்கு ஒவ்வொரு மூச்சும் முதல் மூச்சு மாதிரியே கடினம். விலா உள்ளே இழுக்கும், மூக்கு விடைக்கும், மூச்சு விடும்போது முனகும்.

1963 ஆகஸ்ட் 7-ம் தேதி அமெரிக்க ஜனாதிபதி ஜான் கென்னடிக்கு ஒரு மகன் பிறந்தான். பெயர் பேட்ரிக். ஐந்தரை வாரம் முன்கூட்டி, சிசேரியனில். எடை 2.1 கிலோ. இன்று நம் மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒன்றில் 34 வாரத்தில் இந்த எடையோடு ஒரு பிள்ளை பிறந்தால் பெரிதாக யாரும் பதற மாட்டார்கள். பேட்ரிக்கை பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டுபோய், அழுத்தம் கூட்டிய ஆக்சிஜன் அறைக்குள் வைத்துப் பார்த்தார்கள். 39 மணி நேரம்தான் இருந்தான். நோய்க்குக் காரணம் தெரியாமல் போகவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1959-ல், மேரி எல்லன் ஏவரி என்ற குழந்தை மருத்துவர் ஜெரி மீட் என்பவரோடு சேர்ந்து, இந்த நோயில் இறந்த குழந்தைகளின் நுரையீரலில் சர்ஃபாக்டன்ட் இல்லை என்பதைக் கண்டு எழுதிவிட்டார். காரணம் கையில் இருந்தது, மருந்து இல்லை. உலகிலேயே அதிகாரம் மிகுந்த தகப்பனாலும் வாங்கித்தர முடியாத ஒரு பொருளாக அது இருந்தது.

அந்தப் பொருளை மாட்டின் நுரையீரலிலிருந்து பிரித்தெடுத்து, பத்துக் குழந்தைகளின் மூச்சுக்குழாய்க்குள் செலுத்திப் பலன் கண்டவர் ஜப்பானின் தெத்சுரோ புஜிவாரா. ஆண்டு 1980. இன்று மாடு அல்லது பன்றி நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்ட் உலகெங்கும் பயன்படுகிறது. விலை அதிகமான மருந்துதான். எல்லாப் பிள்ளைக்கும் தேவைப்படுவதுமில்லை. பல பிள்ளைகளுக்கு மூக்கில் சிறு குழாய் வைத்து, காற்றறை மூடிவிடாதபடி மெல்லிய அழுத்தத்தில் காற்றை அனுப்பிக்கொண்டிருந்தாலே போதும். சீபேப் என்று வார்டில் சொல்வது இதைத்தான். 1971-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கிரிகரி இதைக் குழந்தைகளுக்குக் கொண்டுவந்தார். பிள்ளை முனகுகிறதே, அந்த முனகலே தொண்டையை ஒடுக்கி உள்ளே அழுத்தத்தைத் தக்கவைத்துக்கொள்ளும் முயற்சிதான். கருவி அதே வேலையைப் பிள்ளைக்காகச் செய்கிறது. இதன் எளிய வடிவத்தில் வெளிமூச்சுக் குழாயின் நுனி தண்ணீருக்குள் ஐந்தாறு சென்டிமீட்டர் மூழ்கியிருக்கும். அருகில் போனால் குபுகுபுவென்று சத்தம் கேட்கும்.

ஆனால் என் கணக்கில், இந்தத் துறையின் ஆகப் பெரிய கண்டுபிடிப்பு பிள்ளைக்குத் தருகிற மருந்து அல்ல, பிரசவத்துக்கு முன் தாய்க்குப் போடுகிற ஊசி. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கிரஹாம் லிகின்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர், பிரசவ வலியைத் தொடங்கிவைப்பது எது என்று ஆடுகளில் ஆராய்ந்துகொண்டிருந்தார். வயிற்றில் இருந்த குட்டிகளுக்கு ஸ்டீராய்டு கொடுத்தார். பிழைக்கவே வாய்ப்பில்லாத அளவுக்கு முன்கூட்டிப் பிறந்த ஒரு குட்டி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. வேறு ஒருவர் அதை ஓர் அபூர்வம் என்று குறித்துவைத்துவிட்டு நகர்ந்திருப்பார். லிகின்ஸ் நுரையீரலை அறுத்துப் பார்த்தார். அது வயதுக்கு மீறி முதிர்ந்திருந்தது. குழந்தை மருத்துவர் ராஸ் ஹோவியோடு சேர்ந்து 282 தாய்மாரிடம் நடத்திய சோதனையின் முடிவு 1972-ல் வந்தது. ஊசி போடாத குழுவில் நூற்றுக்கு 26 குழந்தைகளுக்கு வந்த மூச்சுத்திணறல் நோய், போட்ட குழுவில் 9 பேருக்குத்தான் வந்தது. இவ்வளவு தெளிவான முடிவை உலகம் உடனே பிடித்துக்கொள்ளவில்லை. ஏறக்குறைய இருபது ஆண்டு தயங்கியது. மருத்துவச் சான்றுகளைத் திரட்டித் தரும் காக்ரன் அமைப்பின் சின்னத்தில் சில கோடுகள் இருக்கும்; அவை இந்த ஊசியைப் பற்றிய சோதனைகளின் வரைபடமே. சான்று இருந்தும் பயன்படுத்தாமல் விட்டதால் எத்தனை உயிர் போனது என்பதை நினைவூட்டத்தான் அதைச் சின்னமாக வைத்திருக்கிறார்கள்.

நம் நாட்டில் போடுவது பெரும்பாலும் டெக்சாமெத்தசோன். 6 மில்லிகிராம் வீதம் 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி. விலை மிகக் குறைவு. வசதி குறைந்த நாடுகளில் இது பலன் தருமா என்று ஒரு சந்தேகம் இருந்துவந்தது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய சோதனை 2020-ல் அதைத் தீர்த்துவைத்தது: குழந்தை மரணம் குறைகிறது. ஊசிக்கு வேலை செய்ய நேரம் வேண்டும், ஒரு நாளாவது கழிந்தால் நல்லது. வலி வந்துவிட்ட பெண்ணுக்கு மாத்திரை கொடுத்து இரண்டு நாள் தள்ளப் பார்ப்பதும், பெரிய மருத்துவமனைக்குப் பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே அனுப்பிவைப்பதும் இதனால்தான். பிறந்த பிறகு ஆம்புலன்சில் கொண்டுபோவதைவிடத் தாயின் வயிறு பன்மடங்கு பத்திரமான வாகனம். முன்கூட்டிப் பிரசவமாகும் என்று தெரிந்துவிட்ட வீட்டார் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: ஊசி போட்டாயிற்றா, இங்கே பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா.

மீதி வாரங்களில் மருத்துவத்தால் முன்கூட்டி முடித்துவைக்க முடிந்தது இந்த நுரையீரல் வேலையின் ஒரு பகுதி மட்டும்தான். மற்றதெல்லாம் காலண்டர்படிதான் நடக்கும்.

அடுத்தது சூடு. தோலுக்கடியில் கொழுப்பு சேர்வது கடைசி வாரங்களில். அது இல்லாத பிள்ளைக்குத் தோல் மெல்லியது, ஈரம் ஆவியாகி உடம்பு குளிர்ந்துகொண்டே போகும். மிகவும் குறைமாதப் பிள்ளைகளைப் பிறந்த உடனே துடைக்காமல், கழுத்துவரை பாலிதீன் உறைக்குள் விடுகிறார்கள். முன்னே சொன்ன அதே பாலிதீன்தான், இங்கே நிஜமாகவே உயிர்காக்கும் பொருள். 'கண்ணாடிப் பெட்டியில வெச்சிருக்காங்க' என்று ஊரில் சொல்கிறார்களே, அந்த இன்குபேட்டரின் கதை பாரிஸில் தொடங்குகிறது. 1880 வாக்கில் ஸ்தெஃபான் தார்னியே என்ற மகப்பேறு மருத்துவர் உயிரியல் பூங்காவில் கோழிமுட்டை அடைகாக்கும் கருவியைப் பார்த்து, அதே போல் குழந்தைகளுக்கு ஒன்று செய்யச் சொன்னார். அமெரிக்காவில் மார்ட்டின் கூனி என்பவர் 1903-லிருந்து நாற்பது ஆண்டு, நியூயார்க்கின் கோனி தீவுப் பொழுதுபோக்குப் பூங்காவில் இன்குபேட்டர் குழந்தைகளைக் காட்சிக்கு வைத்து 25 சென்ட் வசூலித்தார். பெற்றோரிடம் ஒரு காசு வாங்கவில்லை, டிக்கெட் பணத்தில்தான் சிகிச்சை. அவர் உண்மையில் டாக்டர்தானா என்பதே சந்தேகம். ஆனாலும் ஆஸ்பத்திரிகள் கைவிட்ட ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அங்கே பிழைத்தார்கள்.

சூட்டைப் பெட்டி பார்த்துக்கொள்ளும், நுரையீரலும் ஒரு வாரம் பத்து நாளில் பெரும்பாலும் தேறிவிடும். பிறகும் ஏன் விடமாட்டேன் என்கிறார்கள்? பிள்ளை மூச்சுவிட மறந்துவிடுவதால். மூச்சை நடத்தும் மூளைத்தண்டு இன்னும் முதிரவில்லை. நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கும் பிள்ளை திடீரென்று 20 விநாடி மூச்சை நிறுத்திவிடும். மானிட்டர் அலறும். சிஸ்டர் வந்து உள்ளங்காலைச் சுண்டினால் மீண்டும் மூச்சு வரும். முதல்முறை பார்க்கும் தாய்க்கு உயிரே போய்விடும். சிஸ்டரோ அதைச் சார்ட்டில் குறித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். இதற்குத் தரும் மருந்து காஃபீன். நாம் காலையில் டம்ளர் டபராவில் குடிக்கும் காபியில் இருப்பதேதான். கனடாவைச் சேர்ந்த பார்பரா ஷ்மிட் தலைமையில் 2006 குழந்தைகளிடம் நடந்த சோதனை, 2006-ம் ஆண்டிலேயே வெளியானது (எண் ஒத்துப்போனது தற்செயல்). காஃபீன் நுரையீரல் பாதிப்பையும் குறைக்கிறது என்று அதில் தெரிந்தது. அடுத்த ஆண்டு, மூளை வளர்ச்சிக்கும் நல்லது என்று தெரிந்தது. காஃபீன் மூச்சு நிற்பதைக் குறைக்கும். மூளைத்தண்டை முதிரவைக்காது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்த மறதி 34 முதல் 36 வாரத்துக்குள் தானாக நின்றுவிடும். மிகவும் முன்கூட்டிப் பிறந்தவர்களுக்கு இன்னும் தாமதமாகலாம்.

பால் குடிப்பதும் அப்படியே. உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சுவிடுவது மூன்றையும் புரையேறாமல் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். இந்த ஒத்திசைவு 32 வாரத்துக்குப் பிறகு மெல்ல வந்து, 34 வாரத்தை ஒட்டித்தான் கைகூடும். அதுவரை வாய் வழியாகவோ மூக்கு வழியாகவோ இரைப்பைக்கு ஒரு மெல்லிய குழாய். தொடக்கத்தில் ஒரு வேளைக்கு ஒன்றிரண்டு மில்லி பால்தான். இவ்வளவு கொஞ்சமா என்று தாய்க்கு மனம் கசியும். ஆனால் பீய்ச்சி எடுத்த அந்தச் சில சொட்டுச் சீம்பால், வார்டில் இருக்கும் பல மருந்துகளைவிட மதிப்பு மிகுந்தது. குறைமாதப் பிள்ளையின் குடல் சில சமயம் வீங்கி அழுகத் தொடங்கும். உயிருக்கே ஆபத்தான நோய். பவுடர் பால் மட்டும் குடித்த குழந்தைகளுக்கு, தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களைவிட இது 6 முதல் 10 மடங்கு அதிகம் வந்ததாக 1990-ல் இங்கிலாந்தின் ஆலன் லூகாஸும் டிம் கோலும் காட்டினார்கள். தாய்க்குப் பால் சுரக்கத் தாமதமானால் தாய்ப்பால் வங்கி உதவும். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-ல் மும்பை சயான் மருத்துவமனையில் அர்மிடா ஃபெர்னாண்டஸ் தொடங்கியது. இப்போது தமிழக அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும் இருக்கிறது.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் வாரத்தில் பிள்ளை இளைக்கும். பிறந்த எடையில் பத்து சதவீதம், சில சமயம் அதற்கும் மேல். பிறந்த எடைக்குத் திரும்பவே பத்துப் பதினான்கு நாள் ஆகும். இதைத் தெரியாத வீட்டார் தினமும் எடைச்சீட்டைப் பார்த்து அழுவதைத் தவிர்க்கலாம்.

தங்கும் நாளைத் திடீரென்று நீட்டிவிடுபவை வேறு. கிருமித்தொற்று அவற்றில் முதலாவது. தாயிடமிருந்து வர வேண்டிய நோய் எதிர்ப்புப் புரதங்களில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில்தான் பிள்ளைக்குப் போய்ச்சேரும். வாசலில் கை கழுவச் சொல்லி சிஸ்டர் அதட்டுவது அதனால். மூளையில் இரத்தக்கசிவு வருமானால் பெரும்பாலும் முதல் மூன்று நாளுக்குள் வரும். உச்சிக்குழி வழியாக ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுவார்கள்.

கண்ணைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். 1940-களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும், நன்றாகத் தேறி வீடு திரும்பிய குறைமாதக் குழந்தைகள் பார்வை இழந்தார்கள். மெல்பர்னின் கேட் கேம்பெல் 1951-ல் சுட்டிக்காட்டிய குற்றவாளி, உயிர்காக்கக் கணக்கில்லாமல் கொடுத்த ஆக்சிஜன். விழித்திரையின் இரத்தக்குழாய்கள் வளர்ந்து முடிவது 40 வாரத்தை ஒட்டித்தான். இடையில் ஆக்சிஜன் மிகுந்தால் அவை தாறுமாறாகக் கிளைக்கும். 1950-ல் பிறந்த பாடகர் ஸ்டீவி வொண்டர் பார்வை இழந்தது இதனால்தான். இப்போது ஆக்சிஜனை அளந்து தருகிறார்கள், ஆனாலும் ஆபத்து முழுதாகப் போகவில்லை. இந்தியாவில் 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு ஒரு மாதம் முடிவதற்குள் கண் பரிசோதனை நடந்தாக வேண்டும். மிகச் சிறிய பிள்ளைகளுக்கு இன்னும் முன்னதாக. உரிய வாரத்தில் கண்டுபிடித்தால் லேசர் செய்து பார்வையைக் காப்பாற்றலாம். வீட்டுக்குப் போன மகிழ்ச்சியில் அந்தத் தேதி தவறிவிட்டால் பிறகு செய்வதற்கு அதிகம் இருக்காது.

இத்தனை நாளும் தாய் எங்கே இருப்பாள்? பல காலம் கண்ணாடிக்கு வெளியேதான் இருந்தாள். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978-ல் எட்கர் ரே சனாப்ரியா என்ற டாக்டர், பெட்டிகள் போதாமல் பிள்ளைகள் நெருக்கிக் கிடந்து தொற்றில் இறப்பதைப் பார்த்து, தாயின் வெறும் மார்போடு பிள்ளையைக் கட்டிவைக்கச் சொன்னார். கங்காரு பராமரிப்பு என்று பெயர் வந்தது. இல்லாதவர்களின் வைத்தியம் என்று பணக்கார நாடுகள் நெடுங்காலம் நினைத்தன. பிள்ளை நிலைப்பட்ட பிறகு செய்யலாம் என்பதே விதியாகவும் இருந்தது. டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையும் ஆப்பிரிக்காவின் நான்கு மருத்துவமனைகளும் சேர்ந்து, காத்திருக்காமல் பிறந்த உடனேயே தொடங்கினால் என்ன என்று சோதித்தன. 1 கிலோ முதல் 1.8 கிலோ வரையுள்ள குழந்தைகள். வழக்கமான முறையில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 15.7 சதவீதம், உடனே தாயோடு சேர்த்தவர்களில் 12 சதவீதம். வித்தியாசம் இவ்வளவு தெளிவானதால் சோதனையை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள்; முடிவு 2021-ல் வெளியானது. ஆகவே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்கு ஒரு கட்டில் போட வேண்டும். நம் ஊரில் பார்வையாளர் நேரம் என்று தாயை அரைமணி மட்டும் உள்ளே விடும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. அந்தப் பழக்கத்துக்கு இனி எந்த விஞ்ஞான நியாயமும் கிடையாது.

ஒருகாலத்தில் டிஸ்சார்ஜுக்கு எடைதான் அளவுகோல். குறிப்பிட்ட எடை வரும்வரை பிள்ளையை வைத்திருந்தார்கள். இப்போது பார்ப்பது வேறு: பெட்டியில்லாமல் சூடு நிற்கிறதா, குழாயில்லாமல் குடித்து எடை கூடுகிறதா, ஐந்து முதல் ஏழு நாள் தொடர்ந்து மூச்சு நிற்காமல் இருக்கிறதா. மூன்றுமே கிட்டத்தட்ட ஒரே சமயத்தில், 35 வாரத்தைத் தாண்டும்போது கூடிவருவதால்தான் டாக்டர் டெலிவரி தேதியைக் காட்டுகிறார். ஐந்தாம் நாளில் ஒருமுறை மானிட்டர் அலறினால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். பையைக் கட்டி வைத்துவிட்டு மறுபடி அவிழ்க்கும் குடும்பங்களுக்கு இதுதான் காரணம். தனியார் ஆஸ்பத்திரியில் அந்த ஒவ்வொரு நாளும் பணம். இதை முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. அரசு மருத்துவமனைகளில் 2011-ல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம் திட்டப்படி பச்சிளம் குழந்தையின் சிகிச்சை, மருந்து, பரிசோதனை எல்லாம் இலவசம்.

வீட்டுக்கு வந்த பிறகு பிள்ளைக்கு இரண்டு வயது உண்டு என்று வைத்துக்கொள்ள வேண்டும். 29 வாரத்தில் பிறந்த பிள்ளைக்குப் பிறந்து ஆறு மாதம் ஆகும்போது, குறைந்த 11 வாரத்தைக் கழித்தால் மூன்றரை மாதம்தான். கழுத்து நிற்கிறதா, குப்புற விழுகிறதா என்பதை இந்த மூன்றரை மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும், எதிர்வீட்டு ஆறுமாதப் பிள்ளையோடு அல்ல. இரண்டு வயது வரை இப்படியே. தடுப்பூசிக்கு மட்டும் இந்தக் கழித்தல் கிடையாது. பிறந்த தேதியிலிருந்து 6, 10, 14 வாரம் என்றே எண்ண வேண்டும். அந்த ஆறாவது வாரம் வரும்போது பிள்ளை இன்னும் வார்டிலேயே இருக்கக்கூடும். அப்படியானால் ஊசியை அங்கேயே போடலாமா என்று டாக்டரிடம் கேட்டு, சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.